தேர்தல் முடிந்த வாரம்

பூனாவின் லோஹேகாவில் தேர்தல் வந்தால் சந்தோஷப்படுகிற ஒரே ஜீவன் கனகவல்லியாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்குக் கட்சியும் கிடையாது, கொடியும் கிடையாது. வார்டில் யார் நிற்கிறார் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். ஆனால் தேர்தல் தேதியை டிவியில் அறிவித்துவிட்டால் போதும், பாயசம் வைக்கலாமா என்று மனசு துள்ளும். லோக்சபாவுக்கு ஒன்று, சட்டசபைக்கு ஒன்று, இப்போது மாநகராட்சிக்கு ஒன்று. எல்லாத் தேர்தலையும் ஒரேயடியாக நடத்திவிடலாம் என்று யாராவது பேசினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி அவள் கணவர் கோவிந்தராஜனுக்கு நோட்டீஸ் வரும், அதுதான் காரணம். விமானப்படையிலிருந்து ரிட்டயர் ஆனபின், ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுபோகிற வண்டியில் கன்மேன் வேலைக்குப் போனார் அவர். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலை. அதற்காக வாங்கியதுதான் அந்த இரட்டைக் குழல். லோக்சபா தேர்தலுக்கு முந்தின வருஷம் டிரைவரைக் கன்னத்தில் அறைந்தார் என்று வேலை போயிற்று. துப்பாக்கி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

வேலை போனதிலிருந்து மனுஷர் மனுஷராக இல்லை. பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம், "வேற கம்பெனியில கேட்டுப் பாருங்களேன்" என்று சொன்னாள் கனகவல்லி. அவ்வளவுதான் சொன்னாள். அவர் எழுந்து போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தார். அவள் கண்ணெதிரே தோட்டாவைப் போட்டு மூடி, குழல் அவள் பக்கம் பார்க்கும்படி சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு உட்கார்ந்து தயிர் சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவினார். தோட்டாவை உருவிக்கொண்டு, துப்பாக்கியை உள்ளே கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பற்றி இன்றுவரை இருவரும் பேசியதும் இல்லை.

அன்றோடு போனது அவள் தூக்கம். அவர் அவளைச் சுடுவாரா, தன்னையே சுட்டுக்கொள்வாரா, அல்லது சும்மா வைத்துப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பீரோப் பக்கம் நடந்தால் அவள் வாசல் பக்கம் நகர்வாள். தேர்தல் நோட்டீஸ் வந்தால் மட்டும் படுத்ததும் செத்த பிணமாகத் தூங்குவாள்.

இப்போது மாநகராட்சி முடிவும் வந்துவிட்டது. தெருவெல்லாம் குலால் வண்ணப் பொடியும் வெடிக் காகிதமுமாகக் கிடந்தது. ஒரு வாரத்துக்குள் துப்பாக்கியைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோந்த்வாவிலிருந்து மகன் மாதவும் மருமகள் சஹானாவும் சாப்பிட வந்தார்கள். போசரிப் பக்கம் ஒருவனைக் கள்ளத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தராஜனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தியா? சட்டத்தை டைட் பண்ணு, டைட் பண்ணுன்னு கத்தறீங்களே, யாரை டைட் பண்றான்? என்னைத்தான் பண்றான். நோட்டீஸ் எனக்கு வருது. கள்ளத்தனமா கட்டா வெச்சிருக்கறவனுக்கு எவன் நோட்டீஸ் குடுக்கறான்?"

"ஒரு கேஸை வெச்சுப் பேசாதீங்கப்பா" என்றான் மாதவ். "டேட்டாவைப் பாருங்க. சட்டம் கடுமையா இருக்கற எடத்துல துப்பாக்கிச் சாவு கம்மி."

"துப்பாக்கிச் சாவு கம்மி. குத்தம் கம்மியா? இந்தப் பூனாவுல பசங்க கோய்த்தாவைத் தூக்கிட்டு அலையறானுங்க. அரிவாளுக்கும் லைசென்ஸ் போடுவியா?"

"தற்கொலை... அதையும் சேர்த்து கவுண்ட் பண்ணணும் இல்ல மாமா?" என்றாள் சஹானா, தன் தட்டுத் தடுமாறின தமிழில். பொரியல் கரண்டியோடு நின்ற கனகவல்லியின் கை அப்படியே நின்றது.

"அது வேற டாபிக், சஹானா" என்றான் மாதவ்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பாவும் மகனும் படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்து என்ன? மாதவ் சொன்ன கணக்கிலும் சரி, அவர் சொன்ன கணக்கிலும் சரி, கனகவல்லி தூங்கின தூக்கத்துக்கு இடமில்லை. நடந்ததை எண்ணலாம். நடக்காமல் போனதை எந்த மகராசன் எண்ணப் போகிறான்?

அவள் துணிந்து வாயைத் திறந்தாள். "அந்த வேலையே இல்லைன்னு ஆச்சு. இன்னும் எதுக்குங்க அது? குடுத்துடலாமே."

"ரசம் ஊத்து" என்றார் கோவிந்தராஜன்.

பாத்திரம் எடுத்துவர சமையலறைக்கு வந்த மாதவைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு பயமா இருக்குடா."

"எதுக்கும்மா? அப்பா ஃபௌஜி, பட்டாளத்து ஆளு. எல்லாரும் அவரை மாதிரி இருந்தா சட்டமே வேணாம். பூட்டித்தானே வெச்சிருக்கார்?"

சாவி யாரிடம் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலை, மேத்திக் கீரை வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். கீரையைப் போகிற வழியிலேயே வாங்கிவிட்டாள், பொய் சொன்னதாக இருக்க வேண்டாம் என்று. ஆயுதங்களைப் பார்த்துக்கொள்கிற ஹவால்தார் ஷேலாருக்கு அவளைத் தெரியும். "யா காக்கு, பஸா" என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. அவர் மராத்தியில் பேச, அவள் ஹிந்தியில் பதில் சொன்னாள்.

"காகா மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும். நோட்டீஸ் கையில கிடைச்ச அன்னிக்கே கொண்டாந்து குடுத்துட்டார். உங்க சாமான் பத்திரமா இருக்கு. எப்ப வேணா எடுத்துக்கலாம்."

"இங்கயே இருக்கட்டுமே" என்றாள் கனகவல்லி.

ஷேலார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கெட்டிக்கார மனுஷர். "வீட்ல ஏதாவது தகராறா காக்கு? மிரட்டினாரா? கையை நீட்டினாரா? சொல்லுங்க, எழுதிக்கறேன். எழுதினா லைசென்ஸைப் பிடுங்கிடலாம். அவரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

சொல்லத்தான் வந்தாள். நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் என்னவென்று எழுதச் சொல்வது? மிரட்டவில்லை. அடிக்கவில்லை. உரத்துக்கூடப் பேசவில்லை. தயிர் சாதம் சாப்பிட்டார் என்றா சொல்வது? அதற்கு எந்த சட்டத்தில் பெயர் இருக்கிறது? விசாரணை என்று கூப்பிட்டால், முப்பது வருஷம் சல்யூட் வாங்கிய மனுஷர் இந்த பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். பிறகு அதே வீட்டுக்குத்தான் அவளும் போக வேண்டும், அவரும் வர வேண்டும். கொண்டவனை போலீஸில் காட்டிக்கொடுத்தவள் என்று லோஹேகாவ் முழுக்கப் பேசுவார்கள்.

"அய்யோ, அதெல்லாம் இல்லை" என்று சிரித்தாள். "ஊருக்குப் போறோம். பூட்டின வீட்ல அது எதுக்குன்னுதான் கேட்டேன்."

ஷேலாரின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா! லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போட்டுக் கேட்டா வெச்சுக்கலாம். நீங்க கேட்டு வெச்சுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. கவலைப்படாதீங்க காக்கு, நான் பாத்துக்கறேன்."

அவர் நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷராக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. அவள் ஸ்டேஷன் வாசல் தாண்டுவதற்குள் ஒரு ஃபௌஜிக்குச் செய்கிற மரியாதையாக கோவிந்தராஜனுக்கு போன் போட்டுவிட்டார்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கோவிந்தராஜன் குளித்து, முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்கூட்டர் சாவியோடு உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்த்து மாசக்கணக்காகிறது.

"எந்த ஊருக்குப் போறோம், வல்லி?"

அவள் கீரைப் பையை மேஜைமேல் வைத்தாள். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க."

"சும்மா ஒரு பேச்சுக்கு" என்று அவர் திருப்பிச் சொன்னார். கோபம் இருந்தால்கூடத் தேவலை. அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. "சரி, கிளம்பு."

"நானுமா?"

"பின்னே? வண்டியில அத்தனை நீளத்தை யார் பிடிச்சுக்கறது?"

ஸ்டேஷனில் ஷேலார் துணி உறையோடு துப்பாக்கியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "என்ன காக்கு, எங்கேயும் போகலைன்னு காகா சொல்றாரே?" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கோவிந்தராஜன் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிவிட்டார். லைசென்ஸ் சரியாக இருந்தது, கையெழுத்து சரியாக இருந்தது. ஷேலார் முத்திரை குத்தினார். வேறு என்ன செய்வார் பாவம்?

வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து, உறையை மடிமேல் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாரம் அதிகமில்லை. முதல் சிக்னலில் வண்டி நின்றது.

"அவன்கிட்ட வேற என்ன சொன்னே?" அவர் திரும்பவில்லை.

"ஒண்ணுமே சொல்லலைங்க."

அது சத்தியம். ஒன்றுமே சொல்லாமல் வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஆட்டோக்காரர், எதிரே டிராஃபிக் போலீஸ், அந்தப் பக்கம் பள்ளிக்கூட பஸ். அத்தனை பேர் இருந்தார்கள். இப்போது கத்தினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என்னம்மா செய்தார் என்று கேட்பார்கள்.

பச்சை விழுந்தது.

"ரோடு மோசமா இருக்கு, விழுந்துடப் போறே" என்றார் கோவிந்தராஜன். "என்னைப் பிடிச்சுக்கோ."

கனகவல்லி ஒரு கையைத் துப்பாக்கியிலிருந்து எடுத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.