ஐம்பத்தாறாவது நாள்

நோயில் படுத்திருந்த அத்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தலையணை உறையைப் பாதி உருவியிருந்தாள் மருமகள். அப்போதுதான் அத்தை கேட்டாள்.

“உனக்கு நாள் தள்ளிப் போயிருக்கா?”

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வி. உறவுக்காரர்கள் யாராவது “விசேஷம் ஏதும் உண்டா?” என்று ஆரம்பித்தால், “ஏன், உங்க வீட்டுல பேச விஷயமே தீந்துபோச்சா?” என்று வாயை அடைத்துவிடுகிறவள் அத்தை. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். தெருவுக்கே போன் அக்கா. யார் பேச்சை எங்கே துண்டிப்பது என்று தெரியும்.

உறை சிக்கிக்கொண்டிருந்தது, மருமகள் பல்லைக் கடித்து இழுத்தாள். அந்த இழுப்பில் தலை அசைந்திருக்கலாம். ‘ஆமாம்’ என்றுதான் அசைந்ததா என்று அவளுக்கே விளங்கவில்லை.

“அவனைக் கூப்பிடு” என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

லிப்ட் பழுதுபார்க்கிற அவள் கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, அம்மாவின் வாயருகே காதை வைத்தான். அவள் அழுக்குத் துணிகளோடு வெளியே வந்தாள். அத்தையின் தங்கை, சித்தி, வாசற்படியில் நின்றிருந்தாள்.

பதினோரு மணிக்கு அத்தையின் மூச்சு நின்றுபோனது.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. சித்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நீ உக்காரு. இப்போ நீ நிக்கக் கூடாது.” யாரோ சூடான பாலைக் கையில் திணித்தார்கள். ஜன்னலோரம் ஒரு குரல்: “போறப்போ நல்ல சேதி கேட்டுட்டுத்தான் போயிருக்கா, புண்ணியவதி.”

பால் தம்ளர் கையில் சுட்டது. எதிர்ச் சுவரோரம் நின்ற கணவன் அவளைப் பார்த்தான். அவள் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். சந்தோஷமா, கோபமா, ‘என்கிட்ட ஏன் சொல்லலை’ என்பதா? அழ வேண்டும் போலிருந்தது. எதற்காக என்பதில்தான் குழப்பம்.

ஐம்பத்தாறு நாள். அவளுக்கு என்றைக்குமே நாள் ஒழுங்கில்லை. ஒருமுறை முப்பத்தைந்து, ஒருமுறை ஐம்பது. இந்தத் தடவை மார்பு கனத்தது, காலையில் குமட்டியது. ஆனால் நேரத்துக்குச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று? கண்ணாடிக் கடை வேலைக்கு விடுப்பு போட்டு, மூன்று மாதமாக அந்த மருந்து வாடைக்குள்ளேயே கிடந்தால் யாருக்குத்தான் குமட்டாது?

அத்தைக்குப் பொருத்தியிருந்த குழாயை எடுக்க நர்ஸ் வந்தாள். வேலை முடித்துச் சமையலறைத் தொட்டியில் கை கழுவும்போது மருமகள் பின்னாலேயே போனாள்.

“சிஸ்டர், நாள் தள்ளினா குழந்தைதானா?”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். “யாரு, உனக்கா? டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?”

“இல்ல. பயமா இருக்கு.”

“எதுக்குப் பயம்? இருந்தா பயமா, இல்லைன்னா பயமா?”

அவள் தொட்டிக் குழாயை மூடினாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “தூக்கம் கெட்டா நாள் தள்ளும். கவலைப்பட்டாலும், உடம்பு இளைச்சாலும் தள்ளும். உனக்கு மூணும் இருக்கு. அதுக்காக குழந்தை இல்லைன்னும் சொல்ல முடியாது. காலையில முதல் சிறுநீர்ல பாரு. இல்லைன்னு காட்டினா ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாரு. எப்படியானாலும் டாக்டர்கிட்ட போ, ரொம்ப நாளா ஒழுங்கில்லாம இருக்கே. நடுவுல வயிறு கடுமையா வலிச்சாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.” பையை மாட்டிக்கொண்டவள், “உங்க அத்தையும் போன வாரம் என்கிட்ட இதேதான் கேட்டாங்க” என்றாள்.

சாயங்காலம் அத்தையை எடுத்துப் போனார்கள்.

மறுநாள் காலை குளியலறையில், மருந்துக்கடையில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் ஒற்றைக் கோடுதான் வந்தது. இரண்டாவது கோடு வருமோ என்று, வாளி நிறைந்து வழிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அம்மாவின் மருந்துப் பாட்டில்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“இல்லைங்க” என்றாள். “ஒரு கோடுதான். நான் அத்தைகிட்ட ஆமாம்னு சொல்லவே இல்ல. சொன்னேனான்னும் தெரியல. அவங்க நம்பிட்டுப் போயிட்டாங்க. ஊரே…”

“எதை நம்பிட்டு?”

“குழந்தைன்னு.”

அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். “அம்மா அப்படிச் சொல்லலையே.”

“அப்போ என்ன சொன்னாங்க?”

“‘அவளுக்கு நாள் வரலைடா. என்னைத் தூக்கித் தூக்கி அவ உடம்பு போச்சு. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. கண்டதையும் பேச எவளையும் விடாதே.’ அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சு வரல.”

“சித்தி?”

“வாசல்ல நின்னு முதல் பாதியை மட்டும் கேட்டிருப்பாங்க. எல்லாரும் சொல்லவும் எனக்கும் குழம்பிடுச்சு. அம்மாகிட்ட சொன்னவ என்கிட்ட சொல்லலையேன்னு…” முடிக்காமல் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தட்டிக்கொடுக்கத் தெரியாமல் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“பத்து மணிக்கு டாக்டர் இருப்பாராம்” என்றான்.

ஒன்பது மணிக்கு, அத்தை கிடந்த வாடகைக் கட்டிலை எடுத்துப் போனார்கள். அது நின்ற இடத்தில் நான்கு கால்களின் துரு வட்டங்கள் இருந்தன. அவன் ஈரத்துணியால் அறையைத் துடைத்தான், வட்டங்கள் போகவில்லை. கிளம்பும்போது இருவரும் அவற்றை மிதிக்காமல், சுவரோரமாகச் சுற்றி நடந்து வெளியே வந்தார்கள்.