நடுவில் நிற்காத குரல்

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, ஒரு குரலை அது பிறந்த இடத்திலிருந்து கேட்பவன் காதுவரை கலப்படமில்லாமல் கொண்டுசேர்க்க மனிதகுலம் பட்ட பாட்டின் வரலாறே ஆகும். பல் டாக்டர் இதை நாள்தோறும் சொல்லிவந்தார். அவர் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் வாயில் பஞ்சும் உறிஞ்சுகுழாயும் இருக்கும். ஆகவே இந்தக் கருத்தை இதுவரை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

பல்வலி என்று வந்தவர்கள் ரிப்பன் ஸ்பீக்கரைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு போனார்கள். சாதாரண ஸ்பீக்கரில் ஒரு கூம்பு அதிரும். ரிப்பன் ஸ்பீக்கரில் கூம்பு கிடையாது. காந்தங்களுக்கு நடுவே தலைமயிரைவிட மெல்லிய அலுமினிய நாடா ஒன்று மேலிருந்து கீழாகத் தொங்கும். கரண்ட் பாய்ந்தால் அது முன்னும் பின்னும் அசையும். முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே சமயத்தில் கேட்பவரை நோக்கித் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் பாடுகிறவரின் குரல் எங்கேயும் நிற்காமல் கரைந்துபோகும். இதை விளக்கி முடித்து, நோயாளியின் கன்னத்தை விரலால் தட்டி, “மரத்துப்போச்சா?” என்பார். நோயாளி தலையாட்டுவார்.

அவர் வீட்டின் கீழ்த்தளத்து முன்னறையில் இரண்டு ரிப்பன் ஸ்பீக்கர்கள் இருந்தன. ஆளுயரப் பலகைகள். முன்னும் பின்னும் ஒரே கறுப்புத் துணி. சுவரை விட்டு நன்றாகத் தள்ளி, அறையின் பாதியை அடைத்துக்கொண்டு, கூப்பிடாமல் வந்துவிட்டு உட்காரவும் மறுக்கிற உறவுக்காரர்களைப் போல நின்றன. தரையின் அதிர்வு அவற்றைத் தொடக்கூடாது என்று, கல்லறைக்குக் கல் செதுக்குகிறவரிடம் சொல்லி இரண்டு கருங்கல் பீடங்கள் செய்திருந்தார். பீடத்தில் குழி வெட்டி, ஸ்பீக்கரின் அடிப்பாகம் விரல் ஆழத்துக்கு உள்ளே உட்காரும்படி ஏற்பாடு. ஒயர்கள் அடியிலிருந்து போயின. இவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாலும் இசை கெட்டுவிடும் என்பதால் இன்னொரு நாற்காலிக்கு அந்த அறையில் வேலை இல்லை.

ரிப்பனுக்குக் காற்று ஆகாது. அதனால் அறையில் மின்விசிறி ஓடாது, ஜன்னல் திறக்காது. வீட்டுக்குள் எந்தக் கதவையும் ஓங்கிச் சாத்தக்கூடாது. அந்த அழுத்தத்தில் நாடா தொய்ந்துவிடலாம். கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவது என்கிற, உலகத்து மனைவிமார்களுக்கெல்லாம் பொதுவான உரிமை இந்த வீட்டில் மட்டும் ரத்தாகியிருந்தது. டாக்டரின் மனைவி கோபம் வந்தால் கதவை மிக மிக மெதுவாகச் சாத்துவாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்காவிட்டால் அன்றைக்குக் கோபம் அதிகம் என்று அர்த்தம்.

இத்தனைக்குப் பிறகும் குரல் நடுவில் நிற்கவில்லை.

இரண்டு ஸ்பீக்கர்களும் சரியாகப் பாடினால், நடுவிலுள்ள வெற்றிடத்தில் பாடகி வந்து நிற்பது போலத் தோன்ற வேண்டும். டாக்டர் வீட்டில் அவள் நிற்கவில்லை. ஒருநாள் ஜன்னல் பக்கம் கேட்டாள், ஒருநாள் பிடரிக்குப் பின்னால் கேட்டாள். வயிற்றில் விழ வேண்டிய கீழ்ச்சுரங்கள் வயிற்றுக்கு வரவே இல்லை. டாக்டர் ஒயர்களைப் பலமுறை சோதித்தார். சிவப்பு சிவப்பில்தான் இருந்தது, கறுப்பு கறுப்பில்தான் இருந்தது. எனவே குற்றம் ஆம்ப்ளிஃபையருடையது என்று தீர்ப்பாயிற்று.

அதற்கு நியாயமும் இருந்தது. ரிப்பனின் மின்தடை மிகவும் குறைவு. போதும் என்று சொல்லத் தெரியாத விருந்தாளியைப் போலக் கரண்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கொடுத்து மாளாத ஆம்ப்ளிஃபையர் சூடேறி, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுத் தானாக அணைந்துபோகும். முதலில் வந்தது அப்படி அணைந்தது. அடுத்து வந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் அணையவில்லை, டாக்டரைத்தான் வேகவைத்தது. மூடிய அறையில் துண்டால் நெற்றியைத் துடைத்தபடி உட்கார்ந்து, முன்கையைத் தூக்கி, மயிர் சிலிர்த்திருக்கிறதா என்று பார்ப்பார். படுத்தேயிருக்கும்.

பாட்டுக்கு மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது. மகள் வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போன அன்று விமான நிலையத்திலும் அவர் முன்கையைப் பார்த்துக்கொண்டார். படுத்துத்தான் இருந்தது. அதற்கு ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்ல வழியில்லாததால் அந்த விஷயத்தை அப்படியே விட்டுவிட்டார்.

பாடகி நிற்காததை வேறு விதமாகப் பார்த்தவர்களும் உண்டு. டாக்டரின் நண்பரான வக்கீலுக்கு இசைப் பிரியர்கள் வட்டாரத்தில் பொன்காது என்று பெயர். அவர் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கட்டுரை எழுதினார். ‘இந்த அறையில் பாடகி எங்கே நிற்கிறாள் என்று கேட்பது அறியாமை; அவள் எங்கும் இருக்கிறாள்’ என்றது கட்டுரை. ஆம்ப்ளிஃபையர் கடைக்காரர் அந்த வரியைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார்.

இப்படி இருக்கையில் டாக்டரின் மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். அவர் அறிவித்தது ஒரு நாளும் ஒருவருக்கும் புரிந்ததில்லை. ஆனாலும் எல்லாரும் சரியான ரயிலில்தான் ஏறிப் போனார்கள். ஆபரேஷன் முடிந்து இளைய மகள் வீட்டில் கிடந்தார். அது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் சின்ன மாப்பிள்ளையும் காவலாளியும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். படி ஏறி இறங்காத சமதளத்தில் தினமும் நடக்கவிடுங்கள், இல்லாவிட்டால் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடும்பத்தில் சமதளம் என்று இருந்தது ஒரே ஒரு அறைதான். அதில் இரண்டு பேர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

மாமனாரே ஒருநாள் போனில் பேசினார்.

“மாப்ள, அந்த ரூம்ல என்னமோ நிக்குதாமே?”

“ஸ்பீக்கர், மாமா.”

“நடக்குமா?”

“நடக்காது, மாமா.”

“எனக்கும் நடக்க வரல. அப்போ சரிக்குச் சரி. யாரு முதல்ல நடக்கறோம்னு பாத்துடுவோம்.”

டாக்டர் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தார். பிறகு மனைவியிடம், ஆம்ப்ளிஃபையர் மட்டும் பொருந்திவிட்டால் இசை வேறு தினுசாக ஆகிவிடும், தானும் வேறு ஆளாக ஆகிவிடக்கூடும், அதுவரை கொஞ்சம் பொறுக்கலாம் என்று நெடுநேரம் விளக்கினார். ஸ்பீக்கர்களை மாடிக்குக் கொண்டுபோனால் என்ன என்றாள். மாடியின் கூரை தாழ்வானது என்றார். அவள் வாதாடவில்லை.

“குரல் நடுவுல நின்னா ரூம் உங்களுக்கு. நிக்கலைன்னா அப்பாவுக்கு. என்ன சொல்றீங்க?”

ஒப்புக்கொண்டார். அவள் போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாலை வெயில் இருக்கும்போதே கடைக்காரர் மூன்று ஆம்ப்ளிஃபையர்களோடு வந்துவிட்டார். மூன்றாவதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. தீர்ப்புச் சொல்லப் பொன்காதும் வந்தார். தனியாக ஒரு பெண் பாடும் பாட்டை டாக்டர் தேர்ந்து வைத்திருந்தார். முதல் இரண்டும் தேறவில்லை. ஒன்றில் குரலில் ஈரம் இருக்கிறது, ஆனால் ஈரத்துக்குப் பின்னால் ஒரு தயக்கம் தெரிகிறது என்றார் பொன்காது. இன்னொன்றில் தயக்கம் இல்லை, ஈரமும் போய்விட்டது என்றார். கடைக்காரர் இரண்டுக்கும் மின்தடையையே காரணமாகச் சொல்லி, மூன்றாவதைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். மின்தடை ஒரு ஓம் வரைக்கும் இறங்கினாலும் இது அசையாது, வெல்டிங் பட்டறையே நடத்தலாம் என்றார்.

மூன்றாவது பாடியது. டாக்டர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடகி எங்கோ இருந்தாள். டாக்டர் மாமனாருடையதாகிவிட்ட இந்த அறையையும், ஊன்றுகோலையும், திறந்த ஜன்னலையும் நினைத்துப்பார்த்தார். பிறகு சொன்னார்:

“நிக்குது.”

“ஆணி அடிச்ச மாதிரி நிக்கறாங்க சார்,” என்றார் கடைக்காரர்.

“நிக்கறாள்னு சொல்றதுகூடக் கொச்சை. வீற்றிருக்கிறாள்,” என்றார் பொன்காது.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் வேலை. இதுவா தெளிவு, முன்னே பார்த்ததா என்று நாளெல்லாம் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிக் கேட்கிறவள். தெரியாத எழுத்தைத் தெரியும் என்று சொல்கிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். அவர்களிடம் அவள் கோபித்துக்கொள்வதில்லை. தொட்டுக் காட்டச் சொல்வாள், அவ்வளவுதான்.

“மூணு பேரும் கண்ணை மூடிக்கோங்க. அந்தம்மா எங்க நிக்கறாங்கன்னு விரலால காட்டுங்க.”

இருப்பது ஒரே நாற்காலி, தள்ளி உட்கார்ந்தால் இசை கெட்டுவிடும். எனவே டாக்டர் நாற்காலியில் இருக்க, பொன்காது அவர் முழங்காலுக்கு முன்னால் தரையில் குந்தினார். கடைக்காரர் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, டாக்டரின் உச்சந்தலைமேல் தாடையை வைக்காத குறையாக நின்றார். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் மூன்று பேரும் படகில் போவதாக நினைத்திருப்பார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது.

பொன்காதின் விரல் மேல்நோக்கிப் போய் விளக்கைக் காட்டியது. கடைக்காரரின் விரல் கொஞ்சம் தயங்கி, தொழில் பழக்கத்தில் ஆம்ப்ளிஃபையரைக் காட்டியது. டாக்டரின் கை நாற்காலியின் கைப்பிடியிலேயே கிடந்தது. அவர் தூக்கத்தான் நினைத்தார். எந்தப் பக்கம் தூக்குவது என்று தெரியவில்லை. நடுவில் காட்டினால் போதும், கண்ணை மூடிக்கொண்டே காட்டலாம், நடு எங்கே என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கை எழவில்லை. பாட்டு முடிந்தது.

மற்ற இருவரும் கண்ணைத் திறந்து, தங்கள் விரல் இருந்த இடத்தைப் பார்த்து, வேலி முள்ளில் மாட்டிய வேட்டியை எடுப்பதைப் போல மெதுவாக எடுத்துக்கொண்டார்கள். மனைவி கிட்டே வந்து டாக்டரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மரத்துப்போச்சா?” என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்டது மாதிரி இல்லை. டாக்டர் தலையாட்டினார், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு ஆட்டுகிறவர்களைப் போல.

“சரி. காலைல அப்பாவை வரச் சொல்றேன்.”

மறுநாள் காலை கட்டில் வந்தது. ஸ்பீக்கர்களைக் கடைக்காரரே எடுத்துக்கொள்வதாக ஏற்பாடாகியிருந்தது. தூக்குவதற்கு ஆட்களையும் அழைத்து வந்திருந்தார். நடந்ததை ஒரு நல்ல முடிவாக எழுதித் தருவதாகச் சொல்லிப் பொன்காதும் வந்திருந்தார். ‘மௌனமே இறுதி ஆம்ப்ளிஃபையர்’ என்று தலைப்புக்கூட வைத்துவிட்டாராம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வருத்தமாக இருக்கிறதா என்று தனக்குள்ளே பார்த்தார். சரியாகத் தெரியவில்லை.

ஆட்கள் முதல் பலகையைத் தூக்குவதற்குள் கார் வந்து நின்றது. மாமனார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் நின்று, வழியெல்லாம் தானே அறிவிப்புச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். என்ன சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் சரியாக விலகி வழிவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து பலகைகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுங்கதானா? பாவம், நிக்க வச்சே கொன்னுட்டீங்களே மாப்ள.”

மனைவி மின்விசிறியைப் போட்டாள். ஜன்னலைத் திறந்தாள். பிறகு போய் வாசல் கதவை ஓங்கி ஒரு தடவை சாத்தினாள். கோபமெல்லாம் இல்லை, சும்மாதான். டாக்டருக்குத் தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. மாமனார் காது கேட்கும் கருவியைச் சரிசெய்துகொண்டு, யாரோ வந்தார்களா என்று கேட்டார்.

ஆட்கள் வலது பலகையைக் கல் பீடத்தின் குழியிலிருந்து கிளப்பி அப்படியே பக்கத்தில் தரையில் வைத்தார்கள். இதுவரை குழிக்குள் மறைந்திருந்த அடிப்பாகத்தின் பக்கவாட்டில் வெள்ளையில் ஓர் அம்புக்குறியும், அதன் கீழே ‘கேட்பவர் பக்கம்’ என்ற எழுத்தும் இருந்தன. அம்பு நாற்காலியைக் காட்டியது. கடைக்காரர் குனிந்து பார்த்தார். பொன்காதும் குனிந்து பார்த்தார். மனைவிக்கு இருந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. பிறகு இடது பலகையைக் கிளப்பினார்கள். அதன் அம்பு சுவரைக் காட்டியது. இரண்டு ஸ்பீக்கர்களையும் வந்த அன்று, கையுறை போட்டுக்கொண்டு, வேறு யாரையும் தொடவிடாமல் பீடத்தில் ஏற்றியவர் டாக்டர்தான்.