கண் ஒட்டாத பூனை

மகள் நிரோஷினி அட்டையில் செய்த கறுப்புப் பூனையை அருள்மலர் முன்கதவில் கொழுவினாள். பழஞ்சாமான் விற்கும் கராஜ் சேலில் கிடைத்த பழைய காலத்து ஹலோவீன் அட்டையைப் பார்த்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பிள்ளை வெட்டியது. வில்லாக வளைந்த முதுகு. பித்தளைப் பின் குத்திய கால்கள் காற்றுக்கு ஆடும். மஞ்சள் கண்களையும் வெட்டி, கடைசியாக ஒட்டுவதற்கென்று பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்திருந்தாள். ஓகஸ்டில் கண்ணை மூடிவிட்டாள். எட்டே வயது.

"செத்தவீட்டில உதென்ன கூத்து?" என்றான் புருசன் கிளிபோட். "நாளையிண்டைக்கு ஆத்துமாக்களின்ர நாள். கல்லறையில போய் மெழுகுதிரி கொழுத்துவம். உது வேண்டாம். கோயில் ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும். கதவில கொழுவுவன், எல்லாரும் பாப்பினம் எண்டு அவளுக்குச் சொன்னனான்."

"கொழுவு. லைட்டைப் போடாதை."

வேடம் போட்டு வீடு வீடாய் இனிப்புக் கேட்டு வரும் ஹலோவீன் இரவில், வாசல் விளக்கு எரியாத வீட்டுப் படியைப் பிள்ளைகள் மிதிப்பதில்லை. அவர்கள் குடியேறிய அஜின்கோர்ட் முழுக்க அதுதான் வழக்கம். போன வருடம் இதெல்லாம் தெரியாமல், வந்த பிள்ளைகளுக்கு அருள்மலர் சுடச்சுட வடை சுட்டு ரிசுக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள். நிரோஷினிக்கு மானம் போய்விட்டது. "ஐயோ அம்மா! கவர் போட்ட இனிப்புத்தான் குடுக்கிறது. உங்கட வடை பேய்க்கே உறைக்கும்!" பிறகு அவளே நாலு வடை தின்றாள்.

இம்முறை மடியில் கவர் போட்ட ரொஃபி. கதவோரச் சன்னலடியில், இருட்டில் அருள்மலர் காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். இந்த வாசலைப் பார்த்ததும் விலகிப் போனார்கள். ஒரு கூட்டம், பிறகு இன்னொன்று.

"பூனையை ஒருதரும் பாக்கேல்லை, என்னப்பா," என்றாள்.

கிளிபோட் எழும்பி வந்து வாசல் விளக்கைப் போட்டான்.

மணி அடித்தது. கிளிபோட்தான் கதவைத் திறந்தான். கடற்கொள்ளைக்காரி வேடத்தில் ஒரு சின்னப் பெட்டை. பையை நீட்ட மறந்து பூனையையே பார்த்தாள். பூனைக்கு ஏன் கண் இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஸ்லீப்பிங்," என்றான் கிளிபோட். குரல் கம்மியது. "ஷீ இஸ் ஸ்லீப்பிங்."

பெட்டை தலையாட்டினாள். ரொஃபியை வாங்கிக்கொண்டு மெல்ல இறங்கினாள். கத்திக்கொண்டு ஓடிவந்த பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

அவர்கள் நுனிக்காலில் படியேறி வந்தார்கள். இனிப்பைக்கூடக் குசுகுசுத்துத்தான் கேட்டார்கள்.

கத்தட்டும், நல்லாய்க் கத்தட்டும் என்றிருந்தது அருள்மலருக்கு. ரொஃபியை அள்ளி அள்ளிப் போட்டாள்.