வராத பிள்ளையின் உயரம்

இறந்த மறு வருடம் குமாஸ்தாவின் மகள் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்தாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் உயரத்தைக் கட்டம் போட்ட தாளில் குறித்து, வளர்ச்சிக் கோடு வரைவது அவர் வேலை. அளவெடுக்க ஒரு பிள்ளை வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. சூத்திரத்தில் வயதைப் போட்டு, வருகிற எண்ணை எழுதிவிட வேண்டும். இருபது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? ஐந்து வயதில் காய்ச்சலில் போன தன் மகளின் தாளில் ‘இறப்பு’ என்று எழுத வேண்டியவர், ‘வரவில்லை’ என்று குறித்து நூற்றுப் பதினான்கு போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக் கதவு நிலையில், அவளுடைய பழைய கோட்டுக்கு மேலே, நூற்றுப் பதினான்கில் புதுக் கோடு இருந்தது. பதறிப்போய் அழிக்கப் போனார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். “அழிச்சீங்கன்னா என்னை உசுரோட பாக்கமாட்டீங்க.”

அதன் பிறகு வருடா வருடம் அவர் எண் போட, கோடு ஏறியது. அம்மா அந்த அளவுக்குச் செருப்பு வாங்கி வைத்தாள், அடி தேய்ந்தது. அக்கம்பக்கத்தார் முதலில் வாயைப் பிளந்தார்கள், பிறகு “உங்க பொண்ணு மளமளன்னு வளந்துட்டா” என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். பதினாறில் கோடு நின்றது. பெண்பிள்ளைகளுக்கு நிற்கும்தான், பெற்றவளுக்குச் சூத்திரமா தெரியும்? மூன்று நாள் சாப்பிடவில்லை. “வளராட்டி போகுது, வயசாவது ஆகட்டுமே. மிச்சத்தையும் போடுங்க” என்று அழுதாள். மனுஷன் பாவம், என்ன செய்வார்? பெற்ற மகளுக்கு நரைக்கும் வயதையும், கண் மங்கும் வயதையும், நாற்பதுக்கு மேல் வருடம் ஒரு மில்லிமீட்டர் குறைவதையும் எண்பது வரை எழுதிவைத்தார். முடித்தபோது தாள் நனைந்திருந்தது. சில வருடங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘இறப்பு’ என்று ஒழுங்காக எழுதினார்கள். அதனால் அவர் திரும்பவில்லை.

இருபத்தைந்து வருடம் அம்மா அசையாத கோட்டைப் பார்த்தபடி இருந்தாள். மகளுக்கு நாற்பத்தொன்று ஆன அன்று அது ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. விழுந்தடித்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

“யாருக்கும்மா?”

“என் மகளுக்கு. படிக்கக் கஷ்டப்படுவா.”

“கூட்டிட்டு வரலியா?”

“அவ வரமாட்டா. நாப்பத்தொண்ணு ஆகுது.”

கடைக்காரர் வயதுப் பட்டியலில் விரலை ஓட்டி, “அப்ப பவர் ஒண்ணு போதும்” என்று எடுத்துக் கொடுத்தார்.

அதை ஜன்னலோரம் வைத்தாள். மறு வாரம் கண்ணாடியில் ஒரு பெரிய மனுஷியின் விரல்ரேகை படிந்திருந்தது. அம்மா கடைசியாகப் பிடித்திருந்தது ஐந்து வயதுக் கையை. ரேகையைத் துடைக்காமல், அதன் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய ஒரே அளவுதான்.