காலி இடத்துக்குக் கோடு

“இன்னாங்க இது, ரூம் பூரா கோடு கோடா இழுத்து வெச்சிருக்கீங்க? ஜெயில் மாதிரி இருக்கு.”

“காலி எடத்துக்குத்தான் கோடு போடணும், டெய்சி. மைன்ஸ் சர்வே ஆபீஸ்ல பழகின கை. பாறைய வெள்ளையா வுட்டுடுவோம். தோண்டி எடுத்த எடத்துக்குக் கோடு.”

“வூட்டுக்குள்ள யாரு தோண்டினாங்க?”

“நீ வந்து ரெண்டு மாசம்தானே ஆச்சு? இனிமே தோண்டுவே.”

கல்யாணமான புதிதில், வீட்டில் ஓர் அறை சேர்ப்பதற்காகக் கணவர் டென்சில் வரைந்த பிளானைப் பார்த்துப் பேசிச் சிரித்தது அது. பத்தொன்பது வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் விரிவுரையாளர் டெய்சிக்கு அது நினைவு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

மேசையில் இரண்டாம் ஆண்டு மாணவி கயல்விழியின் ரெக்கார்டு நோட்டு விரிந்திருந்தது. நட்சத்திர மீனின் கை, குறுக்குவெட்டுத் தோற்றம். உடற்குழியை வெறுமையாக விட வேண்டும். இங்கே அதற்குள் சாய்ந்த கோடுகள், ஒரே இடைவெளியில், ஓரம் தொட்டதும் நூல் பிடித்தது போல நின்றிருந்தன. குழாய்க்கால்களுக்குள் தண்ணீரைத் தள்ளும் சின்னச் சின்னப் பைகள்கூட உள்ளே கோடு போட்டு நிரம்பியிருந்தன.

டெய்சி பங்காரப்பேட்டையில் வளர்ந்து, கல்யாணமாகித்தான் இந்தத் தங்கச் சுரங்க ஊருக்கு வந்தவள். சுரங்கம் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. இப்படிக் கோடு போடுகிற ஒரே ஒரு மனிதரைத்தான் தெரியும்.

அவர் இப்போது பெங்களூரில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். இரண்டு வருடமாக அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மாலை வந்து திங்கள் காலை கிளம்பிவிடுகிறார். ஒவ்வொரு திங்களும் டிபன் பாக்ஸை மூடும்போது அவளுக்கு ஒரு வார்த்தை தொண்டை வரை வரும். முழுங்கிவிடுவாள். கேட்டு, அவர் முகம் மாறிவிட்டால்? போன சனிக்கிழமை அவர் வரவேயில்லை. போனில் “வேலை” என்றார், அவ்வளவுதான்.

வேலையா? இந்தப் பெண்ணுக்கு இவர் எதற்காகப் படம் வரைகிறார்? இவளுக்காகவா, இவள் வீட்டில் வேறு யாருக்காகவாவதா?

“கயல்விழி, இங்க வா. நட்சத்திர மீன் எப்படி நடக்குது?”

“தண்ணியாலதான் மேம். முதுகுல சல்லடை மாதிரி ஒரு தட்டு. அது வழியா கடல் தண்ணி உள்ள வந்து, கல் கால்வாய்ல எறங்கி, வளையத்துக்குப் போய், அஞ்சு கைக்கும் பிரியும். மைன்ஸ் ஷாஃப்ட்ல எறங்கி லெவல் லெவலா போற மாதிரி.”

டென்சில் பேசுவது போலவே இருந்தது.

“அதுக்கு முதுகெலும்பே இல்ல. முதுகுநாணிகளுக்கு அது எப்படிச் சொந்தம்?”

“கரு வளரும்போது மொதல்ல தொறக்கற ஓட்டை வாய் ஆகாது மேம். பின்பக்கம் ஆகும். வாய் அப்பறம்தான். அதுக்கும் அப்படி, நமக்கும் அப்படி.” பின்னால் சிரிப்பு கிளம்ப, கயல்விழி திரும்பினாள். “சிரிக்காதீங்கடி. உங்களுக்கும் அதேதான்.”

“படம் யார் வரைஞ்சது?”

“நான்தான் மேம்.”

“அப்படியா? அடுத்த பிராணி, ஆம்ஃபியாக்ஸஸ். தொண்டைப் பகுதி குறுக்குவெட்டு. போர்டுல போடு.”

மாட்டிக்கொள்வாள் என்று டெய்சி காத்திருந்தாள். கயல்விழி சாக்பீஸை ஒடித்துக்கொண்டாள். மேலே நரம்பு வடம், அதன் கீழே வட்டமாக முதுகுநாண், அதற்கும் கீழே செவுள் பிளவுகளோடு தொண்டை, தொண்டையைச் சுற்றி வெற்று அறை. ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. பிறகு அந்த வெற்று அறைக்குள் சரசரவென்று சாய்ந்த கோடுகள் இழுத்தாள்.

“காலி எடத்துல எதுக்குக் கோடு?”

“ஐயோ, சாரி மேம். அம்மா பழக்கம். மைன்ஸ் சர்வே ஆபீஸ்ல பிளானைப் படியெடுக்கற டிரேசரா இருந்தாங்க. அங்க எல்லாரும் அப்படித்தானாம்.”

“அம்மா பேரு?”

“யசோதரா.”

டெய்சி நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் மனது நிம்மதியானது கொஞ்ச நேரம்தான். அதே ஆபீஸ். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒருநாள்கூடச் சொல்லாத பெயர்.

மாலையில் அவள் வீட்டுக்குப் போகாமல் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். டென்சில் கடைசிப் பெட்டியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

“இன்னா டெய்சி, ஸ்டேஷனுக்கே வந்துட்டே? யாருக்கு இன்னா ஆச்சு?”

“யசோதராவைத் தெரியுமா உங்களுக்கு?”

“டிரேசர் யசோதராவா? நல்ல கை. என்னைவிட நல்லாப் போடுவாங்க. எங்க பார்த்தே?”

“ஏன் என்கிட்ட சொன்னதே இல்ல?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. “அந்த ஆபீஸ்ல ஒம்பது பேர் கோடு போட்டோம். வரிசையா சொல்றேன், ஒவ்வொருத்தரா சந்தேகப்படு. ஏழு பேருக்கு மீசை இருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. “போன வாரம் ஏன் வரல?”

டென்சில் பெஞ்சில் உட்கார்ந்து பேண்ட்டைத் தூக்கிக் காட்டினார். கணுக்கால் பன்னு மாதிரி உப்பியிருந்தது.

“ஆபீஸ்லயும் ரயில்லயும் நின்னுக்கினே இருந்து இப்படி ஆயிடுச்சு. போன வாரம் கால ஊனவே முடியல. சொன்னா நீ லீவு போட்டுட்டு அங்க வந்து நிப்பே.”

“வந்துதான் நிப்பேன். பொண்டாட்டிதானே நானு?”

ரயில் மாரிக்குப்பம் பக்கம் நகர்ந்தது. டெய்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். பிளாட்பாரத்தில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“திங்கக்கிழமை போகாதீங்க,” என்றாள். “எந்தத் திங்கக்கிழமையும் போகாதீங்க. என்கூடவே இருந்துடுங்க.”