ஒண்ட வந்த கீபோர்ட்

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் ஜெயந்தினி சண்டைக்குப் போயிருப்பாள். பொறாமையா, எனக்கா, அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தா என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டிருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் புஹாரி நானாவின் முச்சக்கர வண்டி வாசலில் வந்து நிற்கும்போது, உள்ளேயிருந்து டிலானி சிரித்துக்கொண்டே "வாங்கக்கா" என்று சொல்லும்போது, வயிற்றுக்குள் திகுதிகுவென்று எரிகிறதே, அதற்கு வேறு பெயர் வைக்க முடியுமா? வைத்துத்தான் பாருங்களேன்.

டிலானியைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளோடு ஏறி வரும் அந்த கீபோர்டை எப்படிப் பொறுப்பது? பின் சீட்டில் இரண்டு பெண்களின் மடியிலும் குறுக்கே கிடக்கும். பதுளையில் வண்டி கிளம்பியதிலிருந்து லுணுகலை தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்வரை, ஒவ்வொரு வளைவிலும் அதன் முனை ஜெயந்தினியின் விலாவில் இடிக்கும். அவளுடைய ஆர்மோனியப் பெட்டி காலடியில், தபேலாவுக்குப் பக்கத்தில், ஒடுங்கிக்கொண்டு வரும். இந்த வருடம் மாசி மாதம் வரைக்கும் அந்தப் பெட்டிதான் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வகுப்பை ஆரம்பித்தவளே ஜெயந்தினிதான். வார நாளில் பதுளையில் பள்ளிச் சீருடை தைப்பாள். வெள்ளிக்கிழமை கோயிலில் பஜனை பாடுவாள். கலியாண வீடுகளில் அவள் பாட, புஹாரி தபேலா வாசிப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், "நானா, நாம செத்தா இந்தப் பாட்டெல்லாம் கூடவா வரப் போகுது? தோட்டத்துப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்போமே" என்று கேட்டாள். "நான் ரெடி தங்கச்சி. வண்டியும் ரெடி" என்றார் அவர். சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நாளில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம் ஞாயிற்றுக்கிழமை சும்மா பூட்டித்தானே கிடக்கும்! அதன் சாவியை வைத்திருந்த இராக்கம்மா கதவைத் திறந்துவிட்டு, ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் கொடுத்தாள். இருபத்து மூன்று பிள்ளைகள் வந்து உட்கார்ந்தன.

ஆனால் ஜெயந்தினி பாட்டு சொல்லிக் கொடுத்தாளா? இல்லை. "மொதல்ல சுருதி. பாட்டு பொறகு" என்றாள். ஆர்மோனியத்தில் நாலு கட்டைச் சுருதியை அமுக்கிப் பிடிப்பாள். "வாய மூடு. நெஞ்சுல கைய வை. உம்முன்னு புடி. கை அதிரணும். அதிருதா?" பிள்ளைகள் உம் என்னும். மறுவாரமும் உம். அதற்கு அடுத்த வாரமும் உம். அரை வருடம் மடுவத்துக்குள் தேனீக்கூட்டம் மாதிரி உம் உம் என்று ஒரே சத்தம். பெட்டியைத் தொடாமலே நாலு கட்டையைப் பிடிக்க வந்த பிறகுதான் முதல் பாட்டு. "ஏங்க டீச்சர், எம்மகன் சோறு திங்கும்போதும் உம்முங்கிறான். பாட்டு எப்பங்க வரும்?" என்று ஒரு தாய் கேட்டே விட்டாள். வரும் வரும் என்றாள் ஜெயந்தினி.

டிலானிக்கு இருபத்தைந்து வயது. பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிறு முதல் பூசைக்கு மாதா கோயிலில் கீபோர்ட் வாசித்துவிட்டு நேரே வண்டியில் ஏறுவாள். புஹாரிதான் அழைத்து வந்தார். வந்த முதல் நாளே ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள், அவளே கட்டிய பாட்டு. பஸ் ஒன்று மலையேறுகிற கதை. பஸ் ஏற ஏற ராகமும் ஏறும். வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய வேண்டும். "உச்சி வந்துச்சு!" என்ற இடத்தில் குரல் உச்சத்துக்குப் போய், கீபோர்டில் ஹோர்ன் அடிக்கும். பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மடுவத்துச் சுவரே இடிந்து விழும்போல் கத்தின. இரண்டு வருடமாய் இடாத கூச்சலை அன்று ஒரு மணி நேரத்தில் இட்டுத் தீர்த்தன.

அன்றிலிருந்து அவள் "டிலானி மிஸ்". ஜெயந்தினி "பெட்டி டீச்சர்". வண்டி தோட்டத்துப் பாதையில் திரும்பினாலே பிள்ளைகள் ஓடிவந்து கீபோர்டைத் தூக்கப் போட்டி போடும். ஆர்மோனியத்தை ஜெயந்தினியே தூக்கிக்கொண்டு படியேறுவாள். இராக்கம்மா கூட, "டிலானி மிஸ்ஸு வந்தப்பொறம்தாங்க மடுவமே கலகலன்னு இருக்கு" என்றாள். அப்படியானால் அதற்கு முன்னால் இழவு வீடாகவா இருந்தது என்று கேட்க ஜெயந்தினிக்கு நாக்கு துடித்தது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். இதைவிடக் கொடுமை, வீட்டில் பருப்பு தாளிக்கும்போது அந்தப் பஸ் பாட்டையே தான் முணுமுணுத்துக் கொண்டிருப்பதை ஒருநாள் கண்டுபிடித்தாள். கரண்டியைத் தூக்கி எறிந்தாள்.

அந்தப் பெண்ணோ இவளிடம் ஒட்டிக்கொண்டே திரிந்தாள். ஒருநாள் வகுப்பு முடிந்து, "வாங்கக்கா, ஒங்களுக்கு ஒண்ணு காட்டுறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "இந்த பட்டன அமுக்கினா சுருதி மேல போயிரும். விரல் அதே எடத்துலதான் வாசிக்கும், சத்தம் மட்டும் ஏறும். புள்ளைங்களுக்கு நாலு கட்டைதானே வசதி? மெசின் கணக்கு வேற, நாலு கட்டைக்கு இதுல அஞ்சு, திரையில பாருங்க, அஞ்சுன்னு இருக்கு." ஆர்மோனியத்தில் கட்டைக்குக் கட்டை விரல் மாற்றி வாசிக்க ஜெயந்தினிக்கு எட்டு வருடம் பிடித்தது. இவள் பட்டனை அமுக்குகிறாளாம்! "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். பட்டன் இருந்த இடம் மட்டும் மனதில் நின்றுவிட்டது.

சிறுவர் தினத்துக்கு லுணுகலையில் ஒரு மண்டபத்தில் விழா. நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. பஸ் பாட்டு ஏழாவது. அதற்குக் கீழே 'நெறியாள்கை: செல்வி டிலானி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில், 'உதவி: திருமதி ஜெயந்தினி, ஜனாப் புஹாரி.'

"யாரோ மாத்தி அடிச்சிட்டாங்கக்கா. நான் மூணு பேரையும் ஒண்ணாத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள் டிலானி.

"அதுக்கென்னம்மா" என்றாள் ஜெயந்தினி. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. உதவி! பெற்றவள் ஒருத்தி, பேர் வைத்தவள் இன்னொருத்தி. இந்தப் பிள்ளைகள் மேடையில் ஏறினால் யாரைப் பார்த்துப் பாடும்? அவளைத்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அத்தனை கண்களும் தன் பக்கம் திரும்பினால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துத் தாய்மார் முன்வரிசைகளைப் பிடித்திருந்தார்கள். கீபோர்டை மேடையில் வைத்து, கரண்ட் கொடுத்து, சரி பார்த்துவிட்டு, டிலானி பிள்ளைகளை வரிசைப்படுத்தப் போனாள். புஹாரி தபேலாவைத் தட்டி, வாரை இழுத்துச் சுருதி சேர்த்துக் கொண்டிருந்தார். ஜெயந்தினி ஆர்மோனியத்தை மேடையோரத்தில் வைப்பதற்காக கீபோர்டைத் தாண்டிப் போனாள். போனவள் நின்றாள்.

ஒரு தடவை அமுக்கினாள். திரையில் ஆறு என்று வந்தது. ஏழு. எட்டு. ஒன்பது. அமுக்குக்கு அரைக் கட்டையாக, நாலு கட்டை ஆறு கட்டையாகிவிட்டது. நாலே அமுக்கு, மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல ஓரத்தில் போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பாவி.

டிலானி வந்து கையை வைத்தாள். பஸ் கிளம்பியது. முதல் வரியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, குரல்கள் கொஞ்சம் கீச்சென்று இருந்ததோடு சரி. இரண்டாவது வரியில் பஸ் வளைவேறியது. பெரிய பிள்ளைகளின் கழுத்து நரம்பு புடைத்தது. ஐயோ, பிள்ளைகளின் தொண்டை என்று ஜெயந்தினிக்கே பதறியது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். "உச்சி வந்துச்சு" என்ற இடத்தில், முன்வரிசையில் நின்ற ஏழு வயது றீட்டாவின் குரல் பிளந்து, கிறீச் என்று ஒரு சத்தமாகி, நின்றது. பின்னால் நின்ற பிள்ளைகளின் குரலும் ஒவ்வொன்றாய் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கீபோர்ட் மட்டும் தனியாக ஹோர்ன் அடித்தது.

றீட்டா திரும்பினாள். டிலானி பக்கம் அல்ல. மேடையோரத்தில் உட்கார்ந்திருந்த பெட்டி டீச்சர் பக்கம். அவளைப் பார்த்து மற்றதும், அதைப் பார்த்து இன்னொன்றும் என்று, கண் மூடித் திறப்பதற்குள் இருபத்து மூன்று பிள்ளைகளும் ஜெயந்தினியைப் பார்த்துக்கொண்டு நின்றன. கண்ணில் நீர் கோத்து, டீச்சர், சுருதி எங்கே என்று கேட்கிற பார்வை.

கேட்டது கிடைத்துவிட்டது. ஜெயந்தினிக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.  பெட்டியைத் தொடவும் கை வரவில்லை. அந்தக் கை தானாக எழுந்து நெஞ்சில் போய் நின்றது. வாயை மூடி, நாலு கட்டையில், உம் என்றாள்.

இருபத்து மூன்று கைகள் இருபத்து மூன்று நெஞ்சில் ஏறின. உம். அரை வருடம் பிடித்த அதே உம். மண்டபம் முழுக்க அது பரவியதும் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். டிலானி கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். புஹாரி மெதுவாகத் தபேலாவில் வண்டியை நகர்த்தினார். பஸ் மறுபடியும் அடிவாரத்திலிருந்து கிளம்பி, வளைவுக்கு வளைவு சாய்ந்து, சிரமமே இல்லாமல் உச்சியில் போய் நின்றது. ஹோர்னை றீட்டா வாயாலேயே அடித்தாள். தாய்மார் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கீழே இறங்கியதும் விழாக்காரர் ஒருவர் டிலானியைப் பிடித்துக்கொண்டார். "என்ன மிஸ், மெசின செக் பண்ணலியா? அந்த டீச்சர் இல்லாட்டி மானம் போயிருக்குமே!" டிலானி தலையைக் குனிந்து, "என் பிழைதாங்க" என்றாள். ஜெயந்தினி பக்கத்திலேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. இராக்கம்மா வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பும் வழியெல்லாம் புஹாரி முன்னால் இருந்து உற்சாகமாகக் கத்திக்கொண்டே வந்தார். "பாத்தியா தங்கச்சி, கரண்டுல ஓடுறத நம்பக் கூடாது! மனுசத் தொண்டையத்தான் நம்பணும்!" பின்னால் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கீபோர்ட் மடியில் கிடந்தது. வளைவில் விலாவில் இடித்தது. மூன்றாவது வளைவில் ஜெயந்தினிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"டிலானி, அந்த பட்டன…"

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அது எங்க இருக்குன்னு ஒங்களுக்கு மட்டுந்தான் காட்டியிருக்கேன்." அவள் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவது வரியிலயே வெளங்கிருச்சு. பாட்டு நின்னதும் அமுக்கிச் சரி பண்ணத்தான் கையக் கொண்டு போனேன்."

"பொறகு ஏன் பண்ணல?"

டிலானி மடியில் கிடந்த கீபோர்டின் மேல் விரலை ஓட்டினாள். 

"அதுக்குள்ள எல்லாம் ஒங்களப் பாத்திருச்சுங்க. எட்டு மாசம், அக்கா. ஆடி, குதிச்சு, பொம்மை காட்டாத குறையாச் சொல்லிக் குடுத்தேன். சுருதி போனப்போ ஒரு புள்ள கூட எம்பக்கம் திரும்பல. ஒண்ணு கூட." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க செஞ்சதுக்குக் கோவம் வரணும். வரல. அதுங்க ஒங்களப் பாத்ததுதான் வயித்தப் போட்டு எரிக்குது."

ஜெயந்தினிக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம் பிந்தி. அதற்கு முன்னால் வந்தது சந்தோஷம். அப்படியொரு சந்தோஷம், சிரிப்பு உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் தேயிலை, அந்தப் பக்கமும் தேயிலை. அந்த எரிச்சலை அவளுக்குத் தெரியாதா? எட்டு மாதம் வாடகை கொடுக்காமல் அவள் வயிற்றில் குடியிருந்ததுதானே. இன்றைக்குத்தான் மூட்டை முடிச்சோடு இறங்கி, கீபோர்டைத் தாண்டிப் பக்கத்து வயிற்றுக்குக் குடி போயிருக்கிறது. மன்னிச்சுக்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அது திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பதுளை வருகிறவரைக்கும் சொல்லவில்லை.