நாலு நாற்பத்திரண்டு

டிவி ஒயரைப் பிடுங்கித்தான் ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய ப்ளக் நுழைகிற பாயிண்ட் அந்த வீட்டில் பெரியவர்களின் படுக்கையறையில் மட்டும்தான். ஏசி மாட்டப் போவதாகச் சொல்லி மகன் போட்டது. ஏசி வரவில்லை, டிவி வந்தது. இப்போது அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வாசற்படியைத் தாண்டி ஹாலுக்கு வந்து, வெங்கடலட்சுமி படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. யாராவது தடுக்கி ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று லட்சுமணசாமிக்குச் சந்தேகம். விடிந்ததிலிருந்து அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, காலை எடுங்க. டேப் போட்டு ஒட்டிப்போட்டேன்," என்றான் மகன் சாய்குமார்.

"உன்ற டேப்பு எத்தனை நேரம் நிக்குமோ," என்றார். காலை எடுக்கவில்லை.

எழுபத்தாறு வயது. மூணாவதோடு பள்ளிக்கூடம் போச்சு. கணபதியில் ஒரு பவுண்டரியில் முப்பத்தெட்டு வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர். எழுதி வைத்ததையும் நம்ப மாட்டார், வாயால் சொன்னதையும் நம்ப மாட்டார். கை வைத்துப் பார்த்தால்தான் சூடு என்று ஒத்துக்கொள்வார். நேற்றுச் சாயங்காலம் பெண்டாட்டி போய்விட்டாள் என்பதையும் அப்படிக் கை வைத்துப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்.

எட்டரை மணிக்குச் சோசியர் கிருபாசங்கர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பஞ்சாங்கத்தைப் பிரித்துவிட்டார்.

"அய்யா, உசுரு பிரிஞ்ச நேரம் சொல்லுங்க."

"சாயங்காலம்."

"சாயங்காலம்னா எப்புடிங்க? நிமிஷம் வேணுங்க. நேத்து நாலு நாப்பத்திரண்டு வரைக்கும் திருவோணம். அதுக்கப்பறம் அவிட்டம். திருவோணத்துல போயிருந்தா ஒண்ணும் இல்லீங்க. அவிட்டத்துல போயிருந்தா அடைப்பு. உசுரு போன ரூமை ஆறு மாசம் பூட்டி வைக்கோணும்."

ஹாலில் எல்லாரும் மனசுக்குள் அறைகளை எண்ணினார்கள். எண்ணுவதற்கு ரெண்டே ரெண்டுதான். ஒன்றில் சாய்குமாரும் மருமகளும். இன்னொன்றில் கிழவனும் கிழவியும். பேத்தி அக்ஷிதா காலேஜ் புத்தகங்களோடு ஹாலில் படுப்பாள். பெரியவர் அறை அடைபட்டால் பெரியவருக்கு ஹால். பேத்திக்கு?

"டாக்டர் அஞ்சே முக்காலுக்கு வந்து பாத்தாருங்க. போயி ஒரு மணி நேரம், முன்னப் பின்ன இருக்கும்னாரு," என்றான் சாய்குமார்.

"முன்னயா பின்னயா? அதானுங்களே இப்பக் கேள்வி."

துடியலூரிலிருந்து வந்திருந்த பங்காரு பெட்டியின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள். செத்துப்போனவளுக்கு ஒரே தங்கச்சி. வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"பாவா பக்கத்துலதான இருந்தாரு? கட்டுலு மேலயே குந்தியிருந்தாரு. எங்கக்கா மூச்சு நின்னது அவருக்குத் தெரியாமயா போச்சு?"

"வாரேன் இரு," என்று லட்சுமணசாமி எழுந்தார். ஒயர் மேல் வைத்த காலை எடுத்தார். படுக்கையறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தார்.

ஜன்னலில் நேற்று அவர் ஆணியில் மாட்டிய போர்வை அப்படியே இருந்தது. வெளிச்சம் வரக் கூடாது என்பது வெங்கடலட்சுமியின் சட்டம். அவளிடம் நிறையச் சட்டம் இருந்தது. மேட்னி என்றால் ரெண்டரை. ரெண்டரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் அன்றைக்குப் படம் கிடையாது. தெருக்கதவுக்குத் தாழ்ப்பாள். போன் பீரோவுக்குள். இடைவேளை என்று திரையில் வந்ததும் நிறுத்த வேண்டும், காபி போட வேண்டும், கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி. படம் ஓடும்போது பேசக் கூடாது, அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. "படத்தைப் பாருங்க. என்ற மூஞ்சி எங்கயும் போயிராது" என்பாள். முடிவில் பேர்கள் ஓடி நின்ற பிறகுதான் லைட்டு.

சக்கரையில் ஒரு காலை எடுத்த பிறகு ரெண்டு வருஷம் இப்படித்தான் கட்டிலிலேயே தியேட்டர் நடத்தினாள்.

நிஜத் தியேட்டருக்குக் கடைசியாகப் போனது மூன்று வருஷத்துக்கு முன்னால். மாலுக்குள் இருக்கிற தியேட்டர். டிக்கெட் என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது, போனுக்குள் ஒரு கட்டம். அதிலேயே லட்சுமணசாமிக்குப் பாதி நம்பிக்கை போயிருந்தது. வாசலில் ஒரு பெண் வெங்கடலட்சுமியின் பையைத் திறந்து, கடலைப் பொட்டலத்தையும் ரெண்டு பிஸ்கட்டையும் எடுத்து ஓரமாக வைத்தாள். வெளிச் சாப்பாடு கூடாதாம்.

"சக்கரைக்காரிக்கு அப்பப்ப வாயில ஏதாச்சும் போடோணும். உள்ள மயங்கி உழுந்தா நீயா தூக்குவ?" என்று கத்தினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. வெங்கடலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். உள்ளே படம் தொடங்குகிற சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. பஸ்ஸில் வந்து கணபதியில் இறங்கிய பிறகு சொன்னாள்: "ஒரு பொட்டணம் கடலைதானுங்க. உட்டுப்போட்டுப் போயிருக்கலாம்."

"இனி அந்த வாசலை மிதிச்சா என்னன்னு கேளு," என்றார் அவர். மிதிக்கவில்லை. அடுத்த வருஷம் அவளுக்கு மிதிக்கக் கால் இல்லை.

நேற்றுப் பார்த்த இந்தப் படம் தியேட்டருக்கு வந்தபோது மட்டும் மறுபடி கேட்டாள். பேச்சு விட்டுப்போன ஒரு அண்ணன் தங்கச்சி கதை. அக்ஷிதா முதல் நாளே பார்த்துவிட்டு வந்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்து இவளுக்கு ஆசை.

"ஏனுங்க, இதையாச்சும் தியேட்டர்ல பாக்கலாமுங்களா? வீல்சேர் உள்ள போகுதாமா."

"நாலு வாரத்துல ஊட்டுக்கே வருதாம். கம்முனு கெட."

"ஊட்டுல வர்றது நமக்காக நிக்குமுங்க. தியேட்டர்ல நிக்காது. அதுதானுங்க படம்."

அவள் காலண்டரில் நாலு வாரம் கிழித்தாள்.

நேற்று வந்தது. சரியாக ரெண்டரைக்குப் போட்டார். முதல் பாதி முழுக்க அவள் கை அவர் மணிக்கட்டின் மேல் இருந்தது. அது பழைய பழக்கம். கல்யாணமான வருஷம் தியேட்டர் இருட்டில் பயந்துபோய்ப் பிடித்தது, பிறகு பயம் போயும் விடவில்லை. மூணு நாற்பதுக்கு இடைவேளை. காபி போட்டுக் கொடுத்தார். பாதி குடித்தாள். "சேந்துருவாங்களாங்க?" என்றாள். "எனக்கென்ன தெரியும்" என்றார். மூணு ஐம்பத்தஞ்சுக்கு மறுபடி போட்டார்.

அண்ணன்காரன் மழையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். எதிரே டீக்கடையில் தங்கச்சி நிற்கிறாள், பார்க்கவில்லை. அந்த இடத்தில் மணிக்கட்டின் மேல் இருந்த கை கனமாச்சு. பிறகு வழுக்கிப் போர்வையில் விழுந்தது.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தார். தூங்கட்டும் என்று நினைத்தார். ரெண்டு வருஷமாக அவள் தூங்கினால்தான் அவருக்கும் ஓய்வு. அவ்வளவு அலுப்பு. மடியில் ரிமோட் இருந்தது. நிறுத்துகிற பொத்தானில் அக்ஷிதா அவருக்காக வைத்த நகப்பாலிஷ் பொட்டு இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்பட்டது. தியேட்டராக இருந்தால் நிறுத்த முடியாது. இங்கே முடியும். நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை, சட்டம் அப்படி. படம் முழுக்கப் பார்த்தார். பேர் ஓடி நின்ற பிறகு எழுந்து லைட்டைப் போட்டார்.

ஒருக்களித்திருந்த கதவு திறந்தது. அக்ஷிதா உள்ளே வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. கட்டிலில் கிடந்த ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"தாத்தா. ஒண்ணு கேக்கட்டா?"

"என்ன கண்ணு."

"நேத்து டாக்டர் வந்தப்ப டிவியை நான்தான் அணைச்சேன். படம் கடைசி வரைக்கும் ஓடியிருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நான் பாத்துட்டு வந்தன்னிக்கு, அவங்க சேந்துருவாங்களான்னு அவ்வா கேட்டாங்க தாத்தா. நாலஞ்சு தரம் கேட்டாங்க. நான் சொல்லவே இல்லை. நீயே பாத்துக்கோ அவ்வான்னு விளையாட்டுக் காட்டிட்டே இருந்தேன்."

லட்சுமணசாமி போர்வையின் மடிப்பைப் பார்த்தார்.

"அவ்வா கடைசி பாத்துட்டாங்களா தாத்தா?"

வெளியே பங்காரு யாரிடமோ சொல்வது கேட்டது: "அவருக்கு டிவிப் பொம்மை முக்கியம். பொண்டாட்டி மூச்சா முக்கியம்?"

"வா," என்றார் பேத்தியிடம். அவளைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். ஒயரைத் தாண்டினார். சோசியர் முன்னால் நின்றார்.

"எழுதிக்க. அஞ்சு பத்து."

"அஞ்சு பத்துங்களா?"

"படம் முடிஞ்சு பேர் ஓடிட்டிருந்துச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் பாத்துட்டிருந்தா. லைட்டைப் போடுங்கன்னா. போட்டுட்டுத் திரும்பறேன், போயிட்டா."

அக்ஷிதா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் இறங்கியது.

சோசியர் நோட்டில் எழுதினார். "அப்ப அவிட்டமுங்க. அடைப்புத்தான்."

சாய்குமார் அப்பாவைச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். குரலைத் தாழ்த்தினான்.

"நைனா, யோசிச்சுச் சொல்லுங்க. நாலரைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா முடிஞ்சுது. நீங்க எங்க படுப்பீங்க?"

"ஹால்ல."

"ஆறு மாசமா? இந்த வயசுலயா?"

"பவுண்டரியில மணலு மேல படுத்தவன்டா நானு."

"உங்களுக்குத்தான் சோசியத்துல நம்பிக்கையே கெடையாதே!"

"அவனை எவன் நம்புனான்? நேரம் கேட்டான், சொன்னேன்."

நாப்பத்தெட்டு வருஷமாக இந்த ஆளிடம் ஒன்றையும் பிடுங்க முடிந்ததில்லை என்பது சாய்குமாருக்குத் தெரியும். விட்டுவிட்டான்.

பங்காருவுக்கு மட்டும் ஆறவில்லை. "கடைசியா என்ன சொன்னா எங்கக்கா? லைட்டைப் போடுன்னா? அவ்வளவுதானா? என்னைக் கேக்கலையா?"

"படம் பாத்துட்டிருந்தா அம்மணி. உன்னை எங்க கேக்கறது," என்றார். பங்காருவுக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எது அழுகை எது சிரிப்பு என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்தரைக்கு எடுத்தார்கள். ஐஸ் பெட்டியின் ப்ளக்கைக் கழற்றியதும் அதன் இரைச்சல் நின்று வீடு திடீரென்று பெரிசாக இருந்தது. வாய்க்கரிசி போடும்போது லட்சுமணசாமி குனிந்தவர் நிமிரவில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவோ சொன்னார். ஒரே வார்த்தைதான், இடைவேளையில் சொல்லாமல் விட்டது. பெருமாள் பேர் என்று பங்காரு நினைத்துக்கொண்டு தானும் கும்பிட்டாள்.

மின்மயானத்தில் ரொம்ப நேரம் ஆகவில்லை. கதவு ஏறி இறங்கியது. உள்ளே இருந்த சூட்டை லட்சுமணசாமிக்குத் தெரியும். கையை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்தபோது மணி ரெண்டு தாண்டியிருந்தது. மருமகள் அறையைப் பெருக்கி, ஒரு விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் உள்ளே வைத்தாள். லட்சுமணசாமியின் வேட்டி சட்டைகளை அக்ஷிதா ஒரு கட்டாக ஹாலுக்குக் கொண்டுவந்து தன் புத்தக அலமாரியில் பாதியை ஒழித்து வைத்தாள். சாய்குமார் டிவி ப்ளக்கைப் பழையபடி மாட்டினான். மாட்டின பிறகு யோசனை வந்தது.

"நைனா, டிவியைக் கழட்டி ஹாலுக்கு மாத்திரட்டுமா? ஆறு மாசம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வேண்டாம். அங்கயே இருக்கட்டும்."

"சரி. சுவிட்சை அணைச்சுப்போட்டுப் பூட்டறேன்."

டிவியின் கீழ் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்த பிறகும் எரிகிற விளக்கு. டிவி வந்த நாளிலிருந்து லட்சுமணசாமிக்கு அது ஆகாது. அணைச்சாச்சுன்னா அணையோணும், இதென்ன களவாணித்தனம் என்று ராத்திரிதோறும் எழுந்துபோய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்துதான் படுப்பார்.

சாய்குமார் சுவிட்சில் கை வைத்தான்.

"உடு," என்றார்.

"எரிஞ்சுட்டே கெடக்கும் நைனா."

"கெடக்கட்டும்."

சாய்குமார் வெளியே வந்து கதவைச் சாத்தினான். சாவி ரெண்டு சுற்றுச் சுற்றியது. லட்சுமணசாமி பிளாஸ்டிக் சேரை அந்தக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் ரெண்டரை. பின்னால் பங்காருவும் பக்கத்து வீட்டுக்காரியும் சலசலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சித்த கம்முனு இருங்க," என்றார், திரும்பிப் பார்க்காமல்.